ஜெர்மன் பேசும் பதினேழு இடங்கள்

இதில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. வீரமாகாளியம்மன் சந்நிதியில் கற்பூரத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்லச் சொன்னாலும் தடையில்லை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சந்தேகப்படுகிறவர்கள் தேக்கா பழைய மார்க்கெட்டில் மசாலா வரிசையில் போய் விசாரித்துக்கொள்ளலாம். அந்த மார்க்கெட்டை இடித்துப் பல வருஷம் ஆகிவிட்டது என்பது வேறு விஷயம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று, ஜூலை மாதம், ஒரு வியாழக்கிழமை. காலை பதினொரு மணிக்கு பஃபலோ ரோட்டில் முகைதீன் பாய் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, ஜெர்மன் கோவிந்தசாமி ஹாம்பர்க் நகரத்து ஆற்றை உறைய வைத்து அதன்மேல் ஒரு சர்க்கஸ் யானையை நடத்திக்கொண்டிருந்தார். யானை பாதி ஆறு கடந்திருந்தது. கடையில் இருந்த ஏழெட்டுப் பேருக்கும் அந்த யானையைத் தெரியும். போன வருஷம் அது குதிரையாக இருந்தது. இருந்தாலும் யாரும் கண்ணாடிக் குவளையைக் கீழே வைக்கவில்லை. கோவிந்தசாமி பெரிய தபாலாபீசில் தபால் பிரிக்கிறவர், பிற்பகல் ஷிப்டு. அதனால் முற்பகல் முழுக்க ஜெர்மனியில் இருக்க அவருக்கு வசதிப்பட்டது. பனிக்கட்டி விரிசல் விடுகிற சத்தத்தை அவர் நாக்கைச் சுழற்றிக் காட்டியபோது பிரிஜட் கடைக்குள் வந்தாள்.

பிரிஜட் அங்கே வருகிறவள் இல்லை. எதிரே, சாக்கடைக்கு அந்தப் பக்கம், மார்க்கெட்டின் ஓரத்தில் அரைத்த மசாலா விற்கிறவள். மஞ்சள், மிளகாய், மல்லி, சீரகம், இஞ்சி, பூண்டு என்று தனித்தனியே விழுதாக அரைத்துத் தட்டுகளில் குன்றுகுன்றாகக் குவித்து வைத்திருப்பாள். வாங்க வருகிறவர்களிடம் இரண்டே கேள்விதான். 'மீனா, கோழியா? எத்தன பேருக்கு?' பதில் வந்ததும் விரலாலேயே ஒவ்வொரு குன்றிலும் வழித்து, வாழையிலைத் துண்டில் பக்கம்பக்கமாக அப்பி, மடித்து, ஒரு காகிதத்தைச் சுற்றிக் கொடுத்துவிடுவாள். கரண்டி கிடையாது, தராசு கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் தங்ளின் பக்கம் ஏதோ ஒரு துரை வீட்டில் இருந்தவள் என்பார்கள். அதைப் பற்றி அவள் பேசியதில்லை. எதைப் பற்றியுமே அதிகம் பேசியதில்லை. கோவிந்தசாமிக்கும் அவளுக்கும் இருந்த ஒரே பழக்கம், அவர் கடையில் சத்தமாக ஜெர்மன் பாஷை பேசிக்காட்டும்போது எதிரே அவள் தட்டில் ஏதாவது ஒன்று கைதவறி விழுவதுதான். ஒருநாள் இஞ்சித் தட்டே கவிழ்ந்தது. அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். பூண்டு நெடி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இப்போது அவள் கையில் ஒரு தபால் உறை இருந்தது. மேல்பக்கம் நேர்த்தியாகக் கத்தரிக்கப்பட்டிருந்தது.

"அண்ணே."

யானை ஆற்று நடுவில் நின்றது.

"ஒங்களுக்குத்தான் ஜெர்மன் தெரியுமே. இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

கோவிந்தசாமி உறையை வாங்கினார். முகைதீன் பாய் தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"ஸ்டாம்பு பிரேசில்னுல்ல போட்டிருக்கு. அங்க ஏதுலா ஜெர்மன்?"

"ஏன் இல்ல?" கோவிந்தசாமிக்கு இதுவரை பிடிமானம் இருந்தது. "பிரேசில்ல தெக்க, புளூமெனாவ்னு ஒரு ஊரு. நூறு வருசத்துக்கு முந்தி குடிபோன ஜெர்மன்காரங்க. மாட்ட ஓட்டுறது ஜெர்மன்ல, வையிறது ஜெர்மன்ல. ஒலகத்துல ஜெர்மன் பேசுற எடம் பதினேழு. இது எட்டாவது."

"ஹாம்பர்க்ல யானன்னா நம்புறேன். பிரேசில்ல ஜெர்மன்னா எப்படிப்பா நம்புறது?" என்றார் பாய்.

கோவிந்தசாமி தன் வாழ்நாளில் அந்தக் கடையில் சொன்ன ஒரே நிஜம் அதுதான். யாரும் நம்பவில்லை.

பிரிஜட் சிரிக்கவில்லை. "அவருகிட்டேருந்துதான்" என்றாள்.

அவர் என்றால் இயேசுதாசன், அவள் புருஷன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சரக்குக் கப்பலில் துணி வெளுக்கும் வேலைக்குப் போனவன். எட்டு மாதம் என்று போனான். முதல் இரண்டு துறைமுகத்திலிருந்து படம் போட்ட அட்டை வந்தது. பிறகு கடல் மட்டும்தான். அவன் விட்டுப்போன மகள் செசிலிக்கு இப்போது பத்தொன்பது வயது.

கடை மூலையில் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்த உபதேசியார் அற்புதராஜ் எழுந்து வந்தார். ஓபிர் ரோடு மாதா கோயிலில் சாமியாருக்கு வலது கை. செசிலிக்குப் பினாங்கில் மாப்பிள்ளை பேசி முடித்தவரும் அவர்தான்.

"நல்லதாப் போச்சு பிரிஜட். இந்த ஞாயிறு தள்ளி அடுத்த ஞாயிறு மொத ஓலை வாசிக்கணும். இன்னாரு மகளுக்கும் இன்னாரு மகனுக்கும் கல்யாணம், தடை தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு மூணு ஞாயிறு கோயில்ல வாசிப்போம்லா? அதுல அப்பன் பேரு வரும். இயேசுதாசன் மகள்னு வாசிக்கிறதா, காலஞ்சென்ற இயேசுதாசன் மகள்னு வாசிக்கிறதா? பினாங்குக்காரங்க ரெண்டு தடவ கேட்டுட்டாங்க. செத்துப்போனவருன்னா அவங்களுக்கு ஒண்ணுமில்ல. விட்டுட்டு ஓடுனவன் மகள்னா வேணாம்னு மாப்பிள அம்மா வெட்டிச் சொல்லிடுச்சு."

"அதான் இவர்கிட்ட வந்தேன்" என்றாள் பிரிஜட்.

கோவிந்தசாமி காகிதங்களை வெளியே எடுத்தார். இரண்டு தாள், நீலக்கோடு போட்டது. எழுத்து எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, மழைக்கு முந்தின காற்றில் லாலாங் புல் படுத்த மாதிரி இருந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்தார். ஏழெட்டுப் பேரும் அவரைப் பார்த்தார்கள். தெரியாது என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்துக்குப் பின்னால் பதினாறு வருஷம் இடிந்து விழக் காத்திருந்தது.

"இது பழைய ஜெர்மன்" என்றார். "அவசரப்பட்டுப் படிக்கக் கூடாது. சனிக்கெழம எனக்கு லீவு, அன்னிக்குச் சாயந்தரம் சொல்றேன்."

"ஏம்ப்பா, ஒரு சந்தேகம்" என்றார் பாய். "பிரிஜட்டுக்கு ஜெர்மன் தெரியாதுன்னு அந்த மனுசனுக்குத் தெரியாதா? தமிழ்ல எழுதினா என்னவாம்?"

"கை பழகிப்போயிருக்கும்" என்றார் கோவிந்தசாமி. அது நல்ல பதிலாக அவருக்கே பட்டது. பிரிஜட் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோவிந்தசாமி ஜெர்மனிக்குப் போனதில்லை. ஜெர்மன் பாஷையில் ஒரு வார்த்தையும் அவருக்குத் தெரியாது. ஜெர்மன் பேசும் இடங்கள் மட்டும் தெரியும். அதுவும் வந்த கதை வேறு. நாற்பத்துமூன்றில் ஜப்பான்காரன் அவரையும் தம்பி பரமசிவத்தையும் ஒரே லாரியில் ஏற்றி சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பினான். நாற்பத்தைந்து நவம்பரில் அவர் மட்டும் ரேஸ் கோர்ஸ் ரோட்டு அறைக்குத் திரும்பி வந்தார். அம்மா கதவைத் திறந்து அவருக்குப் பின்னால் பார்த்தாள். "தம்பி எங்கடா?" என்றாள். பதில் அவர் வாயில் தயாராகத்தான் இருந்தது. காலராக் கொட்டகை, மழை, கொட்டகையோடு சேர்த்து வைத்த தீ, எல்லாம் வரிசையாக இருந்தன. ஆனால் வெளியே வந்தது வேறு. "ஜெர்மன் கப்பல்ல வேல கெடச்சுதும்மா. போயிட்டான்." ஜெர்மன் எப்படி வாயில் வந்தது என்று அவருக்கே புரியவில்லை. யுத்த காலத்தில் பினாங்கில் ஜெர்மன்காரனின் நீர்மூழ்கிக் கப்பல்கள் நின்றதை யாரோ சொல்லிக் கேட்டிருந்தார், அவ்வளவுதான்.

அம்மா நம்பிவிட்டாள். நம்பியதோடு விடாமல் கேட்க ஆரம்பித்தாள். ஜெர்மனியையே குண்டு போட்டு அழித்துவிட்டார்களாமே, பிள்ளை எங்கே படுக்கிறான்? தபாலாபீசில் வேலைக்குச் சேர்ந்த கோவிந்தசாமி தம்பியை வியன்னாவுக்கு மாற்றினார். அங்கேயும் பஞ்சம் என்று யாரோ அம்மாவிடம் சொல்லவே, சுவிஸ் மலைக்கு ஏற்றினார். கடிதம் ஏன் வரவில்லை என்றதும் தபால் வராத இடம் தேட வேண்டியதாயிற்று. பிரிக்கிற தபால்களின் முத்திரைகளையும் கூட வேலை பார்த்த யுரேசியர் ஒருவரின் பழைய தேசப்படப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு இடம் இடமாகக் கண்டுபிடித்தார். லக்சம்பர்க், இத்தாலியின் மலைமுனையில் போட்சன், பெல்ஜியத்துக் கிழக்கோரம், ஆப்பிரிக்காவில் விண்ட்ஹூக், பராகுவே காட்டுக்குள் ஒரு குடியிருப்பு, தெற்கு ஆஸ்திரேலியாவில் திராட்சைத் தோட்டம், நியூகினியை ஒட்டிய தீவில் ரபவுல். செத்துப்போன தம்பியை ஒன்பது வருஷம் உலகம் முழுக்கக் குடிமாற்றிக்கொண்டே இருந்தார். ஐம்பத்துநாலில் அம்மா கண்ணை மூடுவதற்கு முந்தின நாள், "இப்ப எந்த ஊர்ல இருக்கான்?" என்றாள். "பிரேசில்லம்மா." "குளிருமா அங்க?" "குளிராதும்மா." அவள் வாசல் பக்கமே பார்த்தபடி போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு தம்பியை அனுப்பிவைத்துக் கதை கேட்க ஆள் இல்லை. சேர்த்துவைத்த இடங்கள் மட்டும் மிச்சம் இருந்தன. அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் அவரே அங்கெல்லாம் போய்வரத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை வெளிச்சத்தில் கடிதத்தை விரித்து ஆராய்ந்தார். மொத்தம் நாற்பத்தோரு வரி. இடது ஓரத்தில் வரிக்கு ஒன்றாக மேலிருந்து கீழ்வரை மஞ்சள் பொட்டுகள் இருந்தன. மசாலாக்காரி வீட்டுக் காகிதம் வேறு எப்படி இருக்கும் என்று விட்டுவிட்டார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தஞ்சோங் பகார் துறைமுக வாசலுக்கு பஸ் ஏறினார்.

அன்று ஒரு ஜெர்மன் கப்பல் துறையில் நின்றிருந்தது. வாசலுக்கு வெளியே மரத்தடியில் ஒரு மாலுமி ரம்புத்தான் குலையை மடியில் வைத்துக்கொண்டு, தோலை எப்படி உரிப்பது என்று தெரியாமல் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தான். செம்பட்டை மீசை, நாற்பது வயது இருக்கும். கோவிந்தசாமி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நகத்தால் கீறித் தோலைப் பிளந்து ஒரு பழத்தை வழுக்கி எடுத்துக் கொடுத்தார். பிறகு, நம்பிக்கை வரட்டும் என்று, "ஹாம்பர்க்?" என்றார். மாலுமி இல்லை என்று தலையசைத்தான். "வியன்னா? போட்சன்? விண்ட்ஹூக்?" மாலுமியின் வாய் பழத்தோடு திறந்தபடி நின்றது. கறுத்த, மெலிந்த, வேட்டி கட்டின ஒரு மனிதர் உலகத்து மூலைமுடுக்கெல்லாம் தன் பாஷையின் முகவரியை ஒப்பிக்கிறாரே என்று அவன் திகைத்திருக்க வேண்டும். பதினைந்தாவது இடத்தில் அவன் மார்பில் தட்டிக்கொண்டான். பெல்ஜியத்துக் கிழக்கோரம்.

கடிதத்தை நீட்டினார். அவன் கையைத் துடைத்துக்கொண்டு படித்தான். முதல் தாளில் புருவம் ஏறியது. இரண்டாம் தாளில் மெல்லும் வாய் நின்றது. முடித்துவிட்டு, மடிப்பு கலையாமல் மடித்து அவர் கையில் வைத்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே பேச ஆரம்பித்தான். நிதானமாகப் பேசினான். புரியவில்லை என்று கண்டதும் அதையே இன்னும் சத்தமாகப் பேசினான். "இங்கிலீஷ்? இங்கிலீஷ்?" என்று கோவிந்தசாமி கெஞ்சினார். அவன் தேடிப் பார்த்தான். பீர், தேங்க்யூ என்பதற்கு மேல் அவனிடம் சரக்கில்லை. கடைசியில் கையால் சொன்னான். இடுப்பு உயரத்துக்குக் கையைக் காட்டினான். பிறகு முழங்கால் உயரத்துக்குக் காட்டினான். பிறகு கடலைக் காட்டி, இல்லை என்பது போல உள்ளங்கையை இரண்டு தரம் திருப்பினான். தலையை ஆட்டிக்கொண்டே ஒரு சிகரெட்டை எடுத்து அவர் வாயில் வைத்துப் பற்றவைத்துவிட்டு, தொப்பியைத் தொட்டுக்கொண்டு கிளம்பினான். துக்கம் கேட்டவன் தொப்பியைத் தொடுவானா, நல்ல சேதி சொன்னவன் தொடுவானா என்று கோவிந்தசாமிக்குத் தெரியவில்லை. அன்று அந்த மரத்தடியில் அவருக்கு எல்லாமே சொல்லப்பட்டுவிட்டது. ஜெர்மனில்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த இரண்டு உயரங்களையும் கணக்குப் போட்டார். ஒன்று ஆறு வயது, ஒன்று மூன்று வயது. ஆள் உயிரோடு இருக்கிறான், பிள்ளை குட்டியோடு இருக்கிறான், வரமாட்டான். அப்படித்தான் இருக்க வேண்டும். அதைச் சொன்னால் செசிலியின் கல்யாணம் நின்றுபோகும். அதோடு போகாது. இவள் இன்னும் இருபது வருஷம் வாசலைப் பார்ப்பாள். ஓடிப்போனவன் ஒருநாள் திரும்பி வருவான் என்று நினைக்க எவ்வளவு குறைவான காரணம் போதும் என்பது அவருக்குத் தெரியும்; அந்தக் காரணத்தை வருஷத்துக்கு ஒரு ஊராக அவரே தயாரித்திருக்கிறார். ஆனால் உயிரோடு இருக்கிறவனை என் வாயால் சாகடிப்பதா? தபாலாபீசில் அன்று அவர் ஈப்போ தபாலை ஹாங்காங் தட்டில் போட்டார்.

சனிக்கிழமை சாயந்தரம் கடையில் உட்கார இடமில்லை. பிரிஜட் நடுவில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். செசிலி அவளுக்குப் பின்னால் தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உபதேசியார் ஓலை எழுதும் நோட்டையே கொண்டுவந்துவிட்டார். மூடி கழற்றிய பேனா விரலிடுக்கில் இருந்தது. கோவிந்தசாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கடிதத்தைத் தூரத்தில் பிடித்துத் தொண்டையைக் கனைத்தார். பேனா முனையைத் தவிர வேறு எதையும் அவரால் பார்க்க முடியவில்லை.

"புளூமெனாவ் பங்குச் சாமியார் எழுதுறாரு" என்றார்.

அந்த முதல் பொய் வந்ததும் மற்றவை வழக்கம்போல வரிசையில் வந்து நின்றன. இயேசுதாசன் கப்பலில் காய்ச்சலோடு இறங்கினானாம். அங்கேயே ஆற்றங்கரையில் துணி வெளுத்துப் பிழைத்தானாம். ஊரே அவன் வெளுத்த வெள்ளையைப் பார்த்து மூக்கில் விரல் வைத்ததாம். மேயருக்குச் சட்டை வெளுத்தவன் அவன்தானாம். எப்போதும் பெண்டாட்டி பேரும் மகள் பேரும்தான் வாயிலாம். போன தவக்காலத்தில் ஆறு பெருகி வந்தபோது ஊரார் துணிமூட்டையைக் காப்பாற்ற இறங்கினானாம். மூட்டையைக் கரைக்குத் தள்ளிவிட்டான், அவன் வரவில்லை. நாலு குதிரை பூட்டின வண்டியில் வைத்து, கொட்டும் பனியில், ஊர் முழுக்கப் பின்னால் நடந்து அடக்கம் செய்தார்களாம்.

"பிரேசில்ல பனியாலா?" முகைதீன் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஜெர்மன் பேசுற எடத்துல எல்லாம் பனி பெய்யும் பாய்."

செசிலி விசும்பினாள். அவள் அழுவதைப் பார்த்ததும் கோவிந்தசாமிக்கு ஏதோ ஒரு கொட்டகையின் ஈரப்புகை தொண்டையில் ஏறியது. காகிதத்தைத் தாழ்த்திக்கொண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதைப் பார்த்துக் கடையில் இருந்தவர்களும் அழுதார்கள். இவ்வளவு நன்றாக அவர் எந்தக் கதையும் சொன்னதில்லை.

பிரிஜட் மட்டும் அழவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மசாலா வாங்க வந்தவர் கறியின் பேரைச் சொல்லக் காத்திருப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"கடேசி வரி என்ன அண்ணே?"

கடைசி வரியில் நாலே வார்த்தை இருந்தது. அதன் கீழே ஒரு கையெழுத்து. கோவிந்தசாமி அதைப் பார்த்தார்.

"காத்திருக்காதேன்னு போட்டிருக்கு" என்றார்.

பிரிஜட்டின் முகத்தில் முதல் தடவையாக ஏதோ ஒன்று அசைந்தது. அவள் கை தானாக உயர்ந்து கழுத்துத் தாலியைத் தொட்டு அங்கேயே நின்றது.

"எழுதிக்குங்க உபதேசியாரே" என்றாள். பிறகு எழுந்து கடிதத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நல்லா படிச்சீங்க அண்ணே."

முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை கோவிந்தசாமி ஓபிர் ரோட்டில் கோயிலுக்கு வெளியே, சைக்கிள்கள் சாத்தியிருந்த இடத்தில் நின்றார். உள்ளே சாமியாரின் குரல் எதிரொலித்தது. காலஞ்சென்ற இயேசுதாசன் மகள் செசிலி. தடை அறிந்தவர்கள் சொல்லலாம். தடை அறிந்த ஒரே ஆள் வெளியே ஒரு சைக்கிளின் மணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது ஞாயிறும் போனார், மூன்றாவதும் போனார். கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது, போகவில்லை. பிரிஜட் வெள்ளைச் சேலையில் மாதா கோயில் படியில் நின்று மகளைப் பினாங்குக்கு அனுப்பிவைத்தாள் என்று பாய் சொல்லக் கேட்டார். ஹாம்பர்க் ஆறு அதற்கப்புறம் உறையவில்லை. யாராவது யானையை ஞாபகப்படுத்தினால், "கரையேறிடுச்சு" என்று மட்டும் சொல்வார்.

நவம்பரில் ஒருநாள் பிற்பகல் அவர் தட்டில் அதே சாய்ந்த எழுத்தில் ஒரு உறை வந்து விழுந்தது. பிரேசில். திருமதி பிரிஜட், பஃபலோ ரோடு. அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். செத்தவன் எழுதியிருக்கிறான். இதை அவள் யாரிடமாவது கொண்டுபோய்க் காட்டுவாள். உண்மையாகவே ஜெர்மன் தெரிந்த ஒருவன் இந்தப் பட்டணத்தில் இல்லாமலா போய்விடுவான்? பினாங்குக்குச் சேதி போகும். பதினைந்து வருஷ வேலையில் ஒரு தபாலைக்கூட அவர் தொலைத்ததில்லை. பஃபலோ ரோட்டுத் தபால் போகிற சிராங்கூன் பெட்டியில் அதைப் போடும்போது, சயாமில் தம்பியின் கையை விட்டபோது விரல்கள் எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன.

மூன்று நாள் பஃபலோ ரோடு பக்கமே போகவில்லை. நாலாம் நாள் காலை நேராக மசாலாத் தட்டுகளுக்கு முன்னால் போய் நின்றார். கூட்டம் இல்லை. பிரிஜட் அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது.

"பிரிஜட், அன்னிக்கு நான் படிச்ச காகிதம்..."

"மீனா, கோழியா?" என்றாள் அவள்.

"இல்ல, நான் சொல்ல வந்தது... எனக்கு அந்த பாஷ..."

"மீனா, கோழியா அண்ணே?"

அவர் தட்டுகளைப் பார்த்தார். சிவப்பு, மஞ்சள், பழுப்பு, வெள்ளை.

"மீன்."

அவள் எழுந்து வாழையிலையைத் துடைத்தாள். விரல் மிளகாய்க் குன்றில் இறங்கி நின்றது. "ஒங்கம்மா எங்கிட்டதான் வாங்குவாங்க. எப்பவும் மூணு பேருக்குன்னு கேப்பாங்க. வீட்ல நீங்க ரெண்டு பேருதானேம்மான்னா, சின்னவன் எந்நேரமும் வந்துருவான்னு சொல்வாங்க." விரலை எடுக்காமலே, "ஒங்க தம்பி இப்ப எங்க இருக்காரு?" என்றாள்.

கோவிந்தசாமி வாயைத் திறந்தார். பதினேழு இடங்களும் நாக்கு நுனிவரை வந்தன. ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின.

"சயாம்ல" என்றார். "நாப்பத்துமூணுல, மழக்காலத்துல."

பிரிஜட் தலையை மட்டும் அசைத்தாள். பின்னால் ஒரு வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு வழி கேட்டான், இருவரும் நகரவில்லை.

"அப்ப எத்தன பேருக்கு?"

"ஒரு ஆளுக்கு."

மிளகாய் ஒரு விரல், மல்லி ஒரு விரல், மஞ்சள் விரல் நுனி. இலையை மடித்தாள். தட்டுக்கு அடியில் கிடந்த ஒரு தாளை உருவி அதன்மேல் சுற்றினாள். நீலக்கோடு போட்ட தாள். எழுத்துகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"பாத்துப் பிரிங்க அண்ணே" என்றாள். "மஞ்ச ஒட்டும்."

அவர் பொட்டலத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ரேஸ் கோர்ஸ் ரோட்டைப் பார்த்து நடந்தார். இலையின் மடிப்பிலிருந்து மசாலா கசிந்து, வரி வரியாகத் தாளில் ஏறிக்கொண்டிருந்தது. முதலில் ஓரத்தில் ஒரு பொட்டு, அதன் கீழே இன்னொரு பொட்டு.

சொல்ல விட்டுப்போன விஷயம் ஒன்று. யுத்தத்துக்கு முன்னால் பிரிஜட் பதின்மூன்று வருஷம் வேலை பார்த்த தங்ளின் பங்களா ஒரு ஜெர்மன் வியாபாரியுடையது; இயேசுதாசனுக்கு அது தெரியும். அந்த வீட்டுக் குழந்தைகள் இரண்டு பேருக்கும் ஜெர்மன் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.